ஏறினம், கிடந்தம், இறங்கினம்

2013ஆம் ஆண்டு தை மாதம் 17ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். மெல்பேர்ணுக்கு வடக்கே புரோட்மெடோஸ் ஸ்டேஷன் மேடையில் நான் இறங்கியபோதே வடகாற்று சுட்டது. முப்பத்தேழு பாகைக்குப் போகும் என்று பக்கத்து ஆசனக்காரர் சொல்லியிருந்தார். சிட்னியிலிருந்து பத்தரை மணித்தியாலம் இருந்தபடி வந்ததில் இடது முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு கையில் உடுப்புப் பை. மற்றக் கையில் வென்ட்வேர்த்வில் கடையில் வாங்கிய சீனி அரியதரப் பலகாரம். பதின்மூன்று வைத்திருக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னார். ரயிலில் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டுதான்.

அங்கிருந்து கிரெய்கிபர்னுக்கு இன்னொரு ரயில் எடுக்க வேண்டும். கிரெய்கிபர்னில் தன் மகன் வீட்டில் ரீச்சர் இருந்தார். அவருக்கு ஒரு செய்தி கொண்டுபோனேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சிட்னியை விட்டுப் போனதிலிருந்து ரீச்சர் தொலைபேசியைக் கையால் தொடுவதில்லை என்று மகன் சொல்லிவிட்டான்.

அன்றுதான் நான் ரீச்சரைக் கடைசியாகப் பார்த்தது. வைகாசியில் அவர் இறந்ததை மகனே தொலைபேசி எடுத்து அறிவித்தான். இப்போது நினைத்தால் முகத்துக்கு முன்பே அவருடைய சுட்டுவிரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. யாராவது எங்கேயாவது போய்வந்த கதையைத் தொடங்கினால் அந்த விரல் எழும்பிவிடும்.

"நில்லுங்கோ. போனதெண்டால் எந்தப் போக்கு?"

நாங்கள் முதலில் சந்தித்தது 2010 பங்குனியில், பரமட்டா படகுத்துறையில். சிட்னியில் மூத்தோர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு டொலர் ஐம்பது சதத்துக்கு ஒரு நாள் சீட்டு கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு ரயில், பஸ், ஆற்றுப் படகு எதிலும் நாள் முழுக்க ஏறி இறங்கலாம். மகளும் பேரப்பிள்ளைகளும் வெளிக்கிட்டபிறகு வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வியாழக்கிழமைகளில் படகில் நகரத்துக்குப் போய் ரயிலில் திரும்புவேன். கொழும்பு ரயில்வேயில் கட்டணக் கணக்குப் பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். இரண்டு ஐம்பதுக்கு இவ்வளவு தூரம் ஏற்றிப்போவது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று ஒவ்வொரு வியாழனும் கணக்குப் பார்த்தேன். விடை வரவில்லை.

அன்று ஆற்றில் வற்று, தண்ணீர் இறங்கியிருந்தது. வற்று நேரத்தில் படகு பரமட்டாவரை வராது. ஆட்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, ரைடல்மியர் துறைக்குக் கொண்டுபோய் அங்கே படகில் விடுவார்கள். எல்லோரும் பேசாமல் பஸ்ஸில் ஏறினோம். சேலையும் வெள்ளைச் சப்பாத்துமாக ஒரு மெலிந்த அம்மா மட்டும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சாரதியோடு இங்கிலிசில் வழக்காடினார். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தார். என் நெற்றியில் திருநீறைக் கண்டுவிட்டுத் தமிழில் தொடர்ந்தார்.

"படகுக்கெண்டு காசை வாங்கிப்போட்டு பஸ்ஸில ஏத்துறான். இதென்ன பயணமோ?"

"வற்று அம்மா. அவன் என்ன செய்வான்?"

"பயணிக்கு ஒரு சொல்லிருக்கு, சரக்குக்கு ஒரு சொல்லிருக்கு. இப்ப நீங்களும் நானும் சரக்கு. விளங்குதோ? நீங்கள் என்ன உத்தியோகம் பாத்தனீங்கள்?"

சொன்னேன்.

"ஓ, ரயில்வே," என்றார். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். ஆட்களுக்கு அவரவர் வாகனத்தைப் பெயராக வைப்பது அவருடைய வழக்கம். எங்களுக்குப் பலசரக்கு விற்றவர் 'வான்'. நடக்க ஏலாமல் மின்கதிரையில் கோயிலுக்கு வரும் கிழவர் 'தேர்'. ரீச்சருக்கு மட்டும் எல்லோரும் ரீச்சர் என்ற பெயரையே விட்டுவிட்டோம்.

பேராதனையில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். அவருடைய வருடத்தில் அந்தப் பாடத்துக்கு மூன்று பேர்தானாம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் லத்தீன் படிப்பித்தார். லத்தீனை நிறுத்தியபின் இங்கிலிசு. கிரேக்கம் கேட்க ஒருவரும் வராததால் அது அவருக்குள்ளேயே கிடந்தது. அதிலும் அவர் நாவில் எப்போதும் நின்றவை கடலில் போவதற்கும் வருவதற்கும் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் உள்ள சொற்கள். கடற்பயணம் என்றால் ப்ளூஸ். துறையை விட்டு வெளிக்கிட்டால் எக்ப்ளூஸ். கரை கண்ணில் தெரியத் தெரியப் பக்கத்தாலே போனால் பராப்ளூஸ். கரையை விட்டுக் குறுக்கறுத்துப் போனால் தியாப்ளூஸ். துறைக்குள் வந்து நுழைந்தால் எய்ஸ்ப்ளூஸ்.

இது எனக்குப் பிடித்துப்போனது. ரயில்வேயிலும் ஒரே பெட்டியில் இருக்கும் நாலு பேருக்கு நாலு விதமான கட்டணம் உண்டு. எல்லாவற்றையும் 'போனது' என்று ஒரே சொல்லில் போட்டால் கணக்கு நிற்காது.

படகு பாலங்களுக்குக் கீழாலே போகும்போது ரீச்சர் சொல்லிக்கொண்டே வருவார். "இந்த ஆத்தில போறதெல்லாம் பராப்ளூஸ். இரண்டு பக்கமும் ஆக்களின்ர கொடியில காயிற உடுப்புத் தெரியுது. இதுக்குப் பயப்பிடத் தேவையில்லை." நகரத்துத் துறை கிட்டும்போது நிமிர்ந்து இருந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்வார். "எய்ஸ்ப்ளூஸ். மரியாதையா இறங்கோணும்."

ஏறும்போது கேட்பதற்கும் ஒரு சொல் இருந்தது. நவ்லோன். ஒருவரை ஏற்றிக்கொண்டு போவதற்கு வாங்கும் கூலி.

"ரயில்வே, நவ்லோன் எவ்வளவு?"

"இரண்டு ஐம்பது, ரீச்சர்."

"கூடேல்லையே?"

"கூடேல்லை."

மூன்று வருடத்தில் நூற்றுப் பத்து வியாழன்களாவது இதைக் கேட்டிருப்பார்.

ஒருநாள் மீன் சந்தையில் ஒரு கிரேக்கக் கிழவரைப் பிடித்துக்கொண்டார். மனுசன் கணவாய் வெட்டிக்கொண்டு நின்றார். ரீச்சர் நிமிர்ந்து நின்று மூன்று வசனம் பேசினார். கிழவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டார். "அம்மா, நீங்கள் பேசுறது எங்கட பாதிரியாரின்ர பாட்டன் பேசின மாதிரி இருக்கு. எனக்கு மீன் விக்கத்தான் தெரியும்," என்று இங்கிலிசில் சொன்னார். ரீச்சர் அரைக் கிலோ கணவாய் வாங்கினார். வரும் வழியெல்லாம் சிரித்துவிட்டு, இறங்கும்போது பொதியை என் கையில் தந்தார். வெள்ளியும் விரதமும் வந்துவிட்டதால் அந்தக் கணவாயை என் மகள் மூன்று நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து எறிந்தாள்.

இன்னொரு நாள், கடலுக்குப் போவதைக் கிரேக்கர்கள் மேலே ஏறுவது என்றும் கரைக்கு வருவதைக் கீழே இறங்குவது என்றும் சொல்வார்கள் என்றார்.

"நாங்கள் கரையேறுறது எண்டெல்லோ சொல்லுறது?" என்றேன். "எது சரி, ரீச்சர்?"

"நீங்கள் நடுத்தண்ணியில இருந்து பாத்திருக்கிறியளோ? சுத்திவர உயரமாத்தான் தெரியும். கரை பள்ளத்தில கிடக்கும்."

தொண்ணூறுகளில் கிளாலிக் கடலேரியை ஒரு வள்ளத்தில் கடந்ததைத்தான் சொன்னார் என்று பிறகு விளங்கியது. அதைப் பற்றி ரீச்சர் ஒரே ஒரு முறைதான் கதைத்தார். வெடிச்சத்தம் கேட்கக் கேட்க, எக்ப்ளூஸ், தியாப்ளூஸ் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாராம். கணவர், "வாயை மூடிக்கொண்டு இரும், ஆமிக்குக் கிரேக்கம் விளங்கிடும்," என்றாராம். சொல்லிவிட்டு ரீச்சர் சிரித்தார். வள்ளத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். வழக்கமாக நான் கேட்கும் கேள்விதான். ஏறும்போதோ இறங்கும்போதோ என்று கேட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தார்.

2012 தொடக்கத்தில் வென்ட்வேர்த்வில்லில் புதிய முகங்கள் தெரியத் தொடங்கின. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்து, முகாம்களில் இருந்து, தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்டவர்கள். தஞ்சம் கேட்பதற்கு அவரவர் தன் கதையை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு இலவசச் சட்டத்தரணிப் பெண் உதவினார். அவருக்குத் தமிழ் தெரியாது. கதையைக் கேட்டு இங்கிலிசில் எழுதித் தர யாராவது வேண்டும் என்றார். 'வான்' தன் கடையின் பின் அறையை ஒதுக்கித் தந்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை, நாலு கதிரை. ரீச்சர் கேட்டு எழுதினார். பங்குனி உத்தரத்துக்கு முதல் நாள், கோயில் தேருக்கு அடுத்த பறுவம் என்று அவர்கள் சொல்லும் நாட்களைப் பஞ்சாங்கம் பார்த்துத் திகதியாக்குவது என் வேலை. என் திகதிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அதில் இப்போது ஒரு பெருமையும் இல்லை.

அவர்களை ரீச்சர் 'எம்போரோஸ்' என்றார். மிகப் பழைய கிரேக்கத்தில் அதற்கு, அடுத்தவன் கப்பலில் போகிறவன் என்று பொருளாம். "சொந்தக் கப்பல் இல்லை, சொந்தக் காத்தும் இல்லை. ஏத்தினவன் விட்ட இடத்தில இறங்கோணும்," என்றார்.

அவர்களில் ஒருவர் நாற்பத்தாறு வயதுக்காரர். வவுனியாவில் லொறி ஓட்டியவர். அகலமான தோள், தாழ்ந்த குரல், கதிரையின் விளிம்பில்தான் இருப்பார். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். ரீச்சர் அவரை 'லொறித் தம்பி' என்றார். அவர் கதிரையில் இருந்ததும் ரீச்சர் முதலில் கேட்டது, எப்படி வந்தீர்கள் என்பதைத்தான்.

"ஏறினம். கிடந்தம். இறங்கினம், ரீச்சர்."

ரீச்சர் பேனையைக் கீழே வைத்தார். "இருபத்தொரு நாள் கடல். மூண்டு சொல்லோ?"

"ஓம் ரீச்சர்."

"வெளிக்கிட்ட உடன கொஞ்ச நேரம் கரை தெரிஞ்சிருக்குமே?"

"ஓம் ரீச்சர்."

"எந்தப் பக்கம்? வலக்கையோ, இடக்கையோ?"

லொறித் தம்பி தன் இரண்டு கைகளையும் பார்த்தார். இல்லாத ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்திருப்பவர் போல விரல்கள் மடங்கின. "வலக்கை," என்றார்.

"பிறகு கரை மறைஞ்சு, திறந்த கடலைக் குறுக்கறுத்தனீங்கள்."

"ஓம் ரீச்சர்."

"காத்து பின்னாலயிருந்து?"

"ஓம் ரீச்சர்."

மூன்று வியாழன் இது நடந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வியாழன் அவர் போனபிறகு சொன்னேன்.

"ரீச்சர், இண்டைக்கு மட்டும் முப்பத்திநாலு ஓம். ஒரு இல்லைகூட இல்லை."

"உண்மைக்கு எத்தினை இல்லை வேணும், ரயில்வே? கட்டணப் பட்டியல் இருக்கோ?"

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதை விளக்குவது கடினம். வவுனியாவில் லொறி ஓட்டும் மனிதர், யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரியில் படிப்பித்த ரீச்சருக்கு முன்னால் இருந்துகொண்டு இல்லை என்று சொல்லமாட்டார். அது அவருக்குப் பயமும் அல்ல, பொய்யும் அல்ல, ஒரு மரியாதை. பெரியவர்கள் வந்தால் வாயிலிருக்கும் சுருட்டை எடுப்பதுபோல. ரீச்சரும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். ஆனால் நாற்பது வருடம் எல்லோரும் ஓம் என்று சொல்லிக் கேட்டவருக்கு அது மரியாதை என்று எப்படித் தெரியும்?

எழுதி முடித்ததை இங்கிலிசில் ஒருமுறை வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார். துறை நீங்கி, கரையை வலக்கையில் வைத்து ஓடி, மலைகள் நீரில் அமிழ்ந்தபின் பெருங்கடலைக் குறுக்கறுத்து வந்ததாக எழுதியிருந்தார். அழகாக இருந்தது. லொறித் தம்பி வாயைத் திறந்தபடி கேட்டார்.

"நான் இப்பிடியெல்லாமோ வந்தனான், ரீச்சர்?"

"பின்னே?"

அவருடைய கண் கலங்கிவிட்டது. "இதில ஒரு பிரதி தருவியளோ? என்ர மூத்தவளுக்கு அனுப்ப."

அந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்தது நான். கொடுக்கும்போது பக்கங்களைப் பார்த்தேன். கப்பலுக்கு இரண்டு பக்கம். லொறியில் இயக்கத்துக்குச் சாமான் ஏற்றியதாகச் சொல்லி அவரைப் பிடித்து அடைத்து வைத்திருந்த மூன்று மாதத்துக்கு நாலு வரி. தஞ்சம் கேட்பதே அந்த மூன்று மாதத்துக்காகத்தான். அடுத்த வியாழன் படகில் போகும்போது ரீச்சரிடம் கேட்டேன்.

"அதை ஏன் நாலு வரியோட விட்டனீங்கள்?"

"கேட்டால் அழுவார்," என்றார். பிறகு, "எனக்கு அதுக்குச் சொல்லு இல்லை, ரயில்வே," என்றார்.

ஆனியில் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததைச் சட்டத்தரணிப் பெண் பிறகு எங்களுக்குச் சொன்னார். கரைக்கு வந்த முதல் நாளே அவரிடம் ஒரு சிறு விசாரணை நடந்திருக்கிறது. வாந்தியில் எழும்ப முடியாமல் கப்பலின் கீழ்த்தட்டில்தான் வழி முழுக்கக் கிடந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று அன்றே சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொன்ன அதே 'கிடந்தம்'. இப்போது அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார், கீழ்த்தட்டில் கிடந்தவர் வலக்கைப் பக்கம் கரையை எப்படிக் கண்டீர்கள் என்று.

லொறித் தம்பி யோசித்துவிட்டுச் சொன்னாராம், "அது ரீச்சருக்குத் தெரியும்."

ஆவணியில் பதில் வந்தது. சொல்லும் கதை அவருடையதாகத் தெரியவில்லை, ஆகவே அந்த நாலு வரியையும் நம்புவதற்கில்லை. நிராகரிப்பு.

ரீச்சர் அந்தக் கடிதத்தை நின்றபடி வாசித்தார். பிறகு அரிசி மூட்டையில் இருந்தார். கதிரை பக்கத்தில் இருந்தும் அதில் இருக்கவில்லை.

மேன்முறையீட்டுக்கு வழி இருந்தது. சட்டத்தரணி வழியைத் தெளிவாகச் சொன்னார். கடலைப் பற்றிய வசனங்கள் எழுதிக் கொடுத்தவருடையவை, தன்னுடையவை அல்ல என்று அவர் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும். மற்றதை நம்ப இடமுண்டு. ரீச்சர் அன்றைக்கே தன் பக்கத்தை எழுதிக் கையெழுத்து வைத்தார். அதில் அழகான வசனம் ஒன்றும் இல்லை. அவர் இல்லை என்று சொல்லவில்லை, நான்தான் சொல் கொடுத்தேன் என்று மட்டும் இருந்தது. லொறித் தம்பியைக் கடைக்குக் கூப்பிட்டு அதை அவர் கையில் வைத்தார்.

"இதைக் குடுங்கோ. எல்லாம் ரீச்சரின்ர வேலை எண்டு சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் நடக்காது."

"ஓம் ரீச்சர்."

"சத்தியமாச் சொல்லுவியளோ?"

"ஓம் ரீச்சர்."

அவர் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டவர், கொடுக்கவேயில்லை. மேன்முறையீட்டின் கடைசி நாளுக்கு முதல் நாள் சட்டத்தரணி எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. நான் பஸ் பிடித்து அவருடைய அறைக்குப் போனேன். ஒரு அறையில் ஐந்து பேர், ஐந்து மெத்தை. நான் இருப்பதற்காக ஒரு மெத்தையைச் சுருட்டி வைத்தார்.

"ஏன் குடுக்கேல்லை?"

"படிப்பிச்சவவை நான் எப்பிடி ஐயா காட்டிக் குடுக்கிறது?"

"உமக்குப் படிப்பிச்சவவோ? கடலைப் பற்றிப் பிழையா எழுதினவ!"

"பிழை எண்டு ஆர் சொன்னது?" முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "நான் கீழ கிடந்தனான். மேல இருந்தவைக்கு அப்பிடித்தானே தெரிஞ்சிருக்கும்?"

ஐப்பசியில், மனைவிக்குச் சுகமில்லை என்று சொல்லித் திரும்பிப் போகக் கையெழுத்து வைத்தார். விமானம் வியாழக்கிழமை. ரீச்சர் விமான நிலையத்துக்கு வரவில்லை. நான் போனேன். அவரிடம் ஒரு பைதான், ஏழு கிலோ. திரும்பி வந்து படகுத்துறையில் ரீச்சரைக் கண்டேன். அன்றும் வற்று. பஸ்ஸில் இருந்தோம். ரீச்சர் சாரதியோடு வழக்காடவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டேன். "ரீச்சர், அந்தாள் போனதுக்கு என்ன சொல்லு?"

"போட்டார்," என்றார். போய்விட்டார் என்பதற்கு வெறும் ஊர்ச்சொல்.

அதன்பின் விரல் எழும்பவேயில்லை. என் மகள் பிள்ளைகளோடு தஸ்மேனியாவுக்குக் கப்பலில் போய்வந்ததைச் சொன்னேன். ஓகோ என்றார். ஏறும்போது நவ்லோன் கேட்கவில்லை. மார்கழியில் மகன் வந்து கிரெய்கிபர்னுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஆறும் இல்லை, படகும் இல்லை, புது வீடுகளும் காற்றும்தான்.

தை ஒன்பதாம் திகதி என் தொலைபேசி அடித்தது. வவுனியாவிலிருந்து லொறித் தம்பி.

"வந்து இறங்கின உடன பிடிச்சவையோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா."

"விட்டிட்டினமோ?"

"ஓம் ஐயா."

"லொறி ஓடுறியளோ?"

"ஓம் ஐயா."

எனக்குச் சந்தேகம் வந்தது. கணக்குச் சரியோ என்று கீழிருந்து மேலே கூட்டிப் பார்ப்பதுபோல, மாற்றிக் கேட்டேன். "லொறி இப்ப உங்களிட்ட இல்லையோ?"

"ஓம் ஐயா."

அதற்குமேல் என்ன கேட்பது? அவராகச் சொன்னது ஒன்றுதான். ரீச்சரிடம் சொல்லச் சொன்னார். அதைத்தான் கொண்டுபோனேன்.

கிரெய்கிபர்ன் வீட்டில் ரீச்சரின் மருமகள் கதவைத் திறந்தாள். "மாமி, ஆர் வந்திருக்கினம் எண்டு பாருங்கோ!" யன்னல் துணிகளை இழுத்து மூடிய அறையில் ரீச்சர் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சப்பாத்து இல்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ரயில்வே," என்றார்.

வழி முழுக்க நான் தயார்செய்து வந்திருந்தேன். "சிட்னியில எக்ப்ளூஸ், ரீச்சர். மலையோரமா வந்தது பராப்ளூஸ். அல்பரியில ஆத்தைக் குறுக்கறுத்தது..."

"ஏறினியள். இருந்தியள். இறங்கினியள். காணும்."

மருமகள் அரியதரத்தைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். நான் செய்தியைச் சொன்னேன்.

"லொறித் தம்பி எடுத்தவர். ரீச்சரில ஒரு பிழையும் இல்லையாம். நீங்கள் எழுதினதை மூத்தவள் பள்ளிக்கூடத்தில எழும்பி நிண்டு வாசிச்சவளாம். அப்பா கடலைக் கடந்த கதை எண்டு. எல்லாரும் கை தட்டினவையாம்."

ரீச்சர் ஒரு அரியதரத்தை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "ஆள் சுகமா இருக்கிறாரோ?"

"ஓம்," என்றேன்.

தலையை நிமிர்த்தினார். "அது அவற்ற ஓமோ, உங்கட ஓமோ?"

முப்பத்தொரு வருடம் கணக்குப் பகுதியில் இருந்தவன் நான். வெளியே வடகாற்றில் வேலிப் பலகை ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. பதினொரு தடவை வரைக்கும் எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. ரீச்சர் முகத்தைத் துடைக்காமலே அழுதார். நானும் எழும்பிப் போகவில்லை.

பின்னேரம் மருமகள் என்னை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகக் காரை வெளியே எடுத்தாள். வாசலில் நின்று சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"ரயில்வே. நவ்லோன் எவ்வளவு?"

திரும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். "எல்லாம் சேத்து நூத்தி நாப்பத்திமூண்டு..."

"ஓம் போட்ட மாதிரிச் சொல்லாதேங்கோ. எண்ணிச் சொல்லுங்கோ."

எண்ணிச் சொன்னேன். வீட்டிலிருந்து சிட்னி ஸ்டேஷனுக்கு இரண்டு ஐம்பது. பெரிய ரயில் போக வர நூற்றுப் பதினெட்டு. மெல்பேர்ண் ரயில் அட்டை ஆறு, அதில் இங்கே வரக் கழிந்தது ஒரு டொலர் இருபத்தொரு சதம். தண்ணீர்ப் போத்தல், தேத்தண்ணி, அரியதரம்.

"அரியதரம் நவ்லோனோ?" சுட்டுவிரல் எழும்பியது. "கழியுங்கோ. தண்ணியையும் கழியுங்கோ. அட்டையும் இல்லை. ஏத்தினதுக்குக் குடுத்த காசு மட்டும்."

"கழிச்சிட்டன்."

"போக வரவோ? நீங்கள் இன்னும் போகேல்லையே. போறது வேற ப்ளூஸ். வந்ததுக்கு மட்டும் சொல்லுங்கோ."

நூற்றுப் பதினெட்டைப் பாதியாக்கினேன். இரண்டு ஐம்பதைக் கூட்டினேன். ஒன்று இருபத்தொன்றைக் கூட்டினேன். பிழை வந்துவிடக் கூடாதென்று இன்னொருமுறை கீழிருந்து மேலே கூட்டிப் பார்த்தேன். ரீச்சர் காத்திருந்தார்.

"அறுபத்திரண்டு டொலர் எழுபத்தொரு சதம், ரீச்சர்."